வழங்கிய சொற்கள் நூற்று நாற்பது

தமிழரசிக்குத் தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. கோயமுத்தூரில் இருந்தவரை இதை ஒரு குறை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. புனேவுக்குக் குடிவந்த ஐம்பது நாளில் ஊரே சொல்லிவிட்டது, அதுவும் அவளுக்குப் புரியாத இரண்டு மொழிகளில்.

கணவன் தருணுக்கு ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை. வீடு பிம்ப்ரியில். இரண்டுக்கும் நடுவே கம்பெனி கேப் என்று ஒன்று ஓடியது. ஓடியது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது, பெரும்பாலும் நின்றது. தருண் குடித்தனம் நடத்தியது அதில்தான். டிரைவரின் தங்கைக்கு எந்த ஊரில் வரன் தகைந்திருக்கிறது, மாப்பிள்ளைக்கு என்ன வண்டி கேட்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. சொந்த மகளுக்கு இன்னும் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் தினமும் ஒருதரம் போனில் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

மகள் பெயர் ப்ரீதி, வீட்டில் பட்டு. ஏழு வயது, இரண்டாம் வகுப்பில் சேர வேண்டியவள். நாலு பள்ளிக்கூடங்கள் இடமில்லை என்று கையை விரித்துவிட்டன. ஐந்தாவதாக, கட்கியில் தென்னிந்தியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பள்ளியில், தமிழ்ச் சிறுபான்மையினர் ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. குழந்தையின் தாய்மொழி தமிழ்தான் என்று பதிவுபெற்ற தமிழ் மன்றம் ஒன்று சான்றிதழ் தர வேண்டும். ஜூன் பதினைந்து, திங்கட்கிழமைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தால் இடம் பட்டுவுக்கு. தவறினால் வரிசையில் அடுத்த குழந்தைக்கு. பட்டு ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து அடுத்த ஜூனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அவ்வளவுதானா? நம்ம புள்ளைக்குத் தமிழ்னு எழுதி வாங்கறதுக்கு என்ன கஷ்டம், தமிழு?" என்றான் தருண் கேப்பிலிருந்து.

"அப்ப நீங்க போய் வாங்கீட்டு வாங்க மாமா."

"நான் பிரிட்ஜுக்குக் கீழ நிக்கறேன். நேத்தும் இங்கயேதான் நின்னேன்."

மன்றத்தின் பெயர் புனே பைந்தமிழ் மறுமலர்ச்சி மன்றம். கட்கி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு கல்யாண ஹாலின் மாடியில் இருந்தது. வாசலில் பெரிய பேனர்: 'தாய்மொழி மீட்பு முகாம் – பத்தே நாட்கள்'. படத்தில் கொந்தளிக்கும் கடல். அதில் மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு பிஞ்சுக் கை. படகிலிருந்து அதை நோக்கி நீளும் இன்னொரு கை. நீளும் கையில் தங்க நிறக் கடிகாரம் ஒன்று பளபளத்தது. மேலே போனதும் அதே கடிகாரம் மன்றத் தலைவர் பாலச்சந்திரனின் கையில் இருந்தது.

பாலச்சந்திரன் வங்கியிலிருந்து ஓய்வுபெற்றவர். எதிரே ஒருவர் இருந்தாலும் சரி, ஓராயிரம் பேர் இருந்தாலும் சரி, மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே உள்ள ஒரு புள்ளியைப் பார்த்துத்தான் பேசுவார். வரலாறு அங்கே உட்கார்ந்து குறிப்பெடுக்கிறது என்பது அவர் எண்ணமாக இருக்கலாம். பக்கத்து நாற்காலியில் துணைத்தலைவர் பத்ரிநாத். வெடிமருந்துக் கிடங்கு ஒன்றில் முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் ஆபீசர். தோட்டா எண்ணியே கண் பூத்தவர். ஒன்று குறைந்தாலும் விசாரணை, ஒன்று கூடினாலும் விசாரணை என்று வாழ்ந்தவர். அவர் விசிறியைப் பார்ப்பதில்லை. பதிவேட்டை மட்டும் பார்ப்பார்.

"வருக! புலம்பெயர்ந்து வந்த பூங்குயிலே, வந்த காரணம் புகல்க!" என்றார் பாலச்சந்திரன் விசிறியிடம்.

தமிழரசி பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு தன்னைத்தான் என்று தெளிந்து, "என்ற புள்ளைக்குத் தாய்மொழி தமிழ்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணுமுங்க. பள்ளிக்கோடத்துல கேக்கறாங்க," என்றாள்.

"சான்றிதழ் கேட்டுப் பெறுவதன்று, அம்மையீர். முகாமில் மீட்கப்பட்ட மழலையர்க்கே அது மாலையெனச் சூட்டப்படும்."

"மீக்கறதுக்கெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவ நல்லாத் தமிழ் பேசுவா."

"பேசினா?" என்றார் பத்ரிநாத் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "எங்க வீட்டு சமையக்காரம்மாகூடத்தான் தமிழ் பேசறா. அவ தெலுங்கு. பேசறத வெச்சு நாங்க எப்படிம்மா சர்ட்டிஃபை பண்றது? ப்ரொஸீஜர்னு ஒண்ணு இருக்கு. மொதல்ல டெஸ்ட்."

டெஸ்ட் என்பது பத்துப் படங்கள். முதல் படம் மாடு. பட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, "மாடு," என்றாள். பத்ரிநாத் அடுத்த படத்தை எடுப்பதற்குள், "இது என்ன மாடுங்க? காங்கேயம்னா திமில் இன்னுமு பெருசா இருக்கோணும். எங்க சின்னம்மா ஊட்டுல ஒண்ணு இருக்குது, அது போன பொங்கலுக்கு எங்க மாமன முட்டிப் போட்டுருச்சு. மாமா வேட்டிய உட்டுட்டு ஓடுனாரு," என்று தொடங்கி, மாமா வேட்டியைத் திரும்ப எடுத்துக் கட்டிக்கொள்ளும்வரை எட்டு நிமிஷம் பேசினாள். மற்ற ஒன்பது படங்களுக்கு அவசியமே இருக்கவில்லை.

பத்ரிநாத் எழுதினார்: 'நூற்றுக்கு நூறு. தகுதியில்லை.'

"தகுதி இல்லீங்களா?"

"மூழ்காதவரை எங்ஙனம் மீட்பது?" என்று பாலச்சந்திரன் விசிறியைக் கேட்டார். விசிறி தன்பாட்டுக்குச் சுற்றியது.

"சர்ட்டிபிகேட்ல என்ன எழுதியிருக்கு பாருங்கோ," என்றார் பத்ரிநாத். "'இம்முகாமால் தாய்மொழி மீட்கப்பட்டவர்.' அவகிட்ட ஏற்கெனவே இருக்கற சரக்க நாங்க இஷ்யூ பண்ணினதா எழுதினா, அது ஃபோர்ஜரி."

ஆக, பட்டுவின் தாய்மொழி தமிழ் என்று நிரூபிக்க வேண்டுமானால், முதலில் அவளுக்குத் தமிழ் தெரியாது என்று நிரூபிக்க வேண்டும். மாடிப்படி இறங்கும்போது தமிழரசி இதை மனசுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நியாயமாகத் தோன்றியது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

படிக்கட்டின் அடியில் மன்றச் செயலாளர் சந்தானம் நின்றுகொண்டிருந்தார். கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்தவர். சந்தானம் தமிழ் பேசுவார், படிக்க வராது. மன்றத்தின் அழைப்பிதழ்கள் எல்லாம் அவர் கையெழுத்தோடுதான் போகும். உள்ளே என்ன அச்சடித்திருக்கிறது என்பதை வந்தவர்கள் சொல்லித் தெரிந்துகொள்வார்.

"இன்னாம்மா, புள்ளைய இப்டி ஃபர்ஃபர்னு பேச வுட்டா அட்மிஷன் கைசா கெடிக்கும்?" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே புரியலீங்க அண்ணா. இப்ப நானு என்ன பண்றது?"

"அரே, டென்ஷன் நக்கோ. நாளிக்கு மறுபடி வா. வேற ஃபாரம் நான் ரொப்பிக் குடுக்கறேன். வூட்ல பேசற பாஷை, ஹிந்தி. உன் பேரு இன்னா?"

"தமிழரசிங்க."

சந்தானம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது இங்க ஆவாது. ரீனான்னு போட்டுக்கறேன்."

"இன்னைக்குத்தானுங்க பாத்தாங்க. நாளைக்கு அடையாளம் தெரிஞ்சிராதுங்களா?"

"யாருக்கு? பெரியவரு ஃபேனப் பாப்பாரு, சின்னவரு ரிஜிஸ்டரப் பாப்பாரு, அதுல தேறாத புள்ள பேரு ஏறாது. இருவது வருசமா நான் செக்ரட்ரி. ரெண்டு பேருக்கும் இன்னும் என் மூஞ்சி தெரியாது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. நாளிலேர்ந்து இந்தக் கட்டடத்துல உன் வாய்லேர்ந்து ஒரு தமிழ் வார்த்தை வரக்கூடாது. வந்துச்சு, காம் கதம், அவ்ளோதான்."

அன்று சாயங்காலம் பிம்ப்ரி வீட்டில் மறதிப் பயிற்சி நடந்தது. பட்டு லேசில் மசியவில்லை.

"தெரிஞ்சத எதுக்கும்மா தெரியாதுங்கோணும்?"

"இந்தப் பரிச்சைல சைபர் வாங்கறவங்கதான் பர்ஸ்ட்டு, அம்மிணி."

பட்டு யோசித்தாள். முகம் கோணியது. "அப்ப இன்னைக்கு நானு கடைசியா?" என்று ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன தப்பு வேணும்?" என்றாள் தொழில்முறையாக.

தருண் கேப்பிலிருந்து ஸ்பீக்கரில் யோசனை சொன்னான். "பட்டு, ரொம்ப ஈசி சாமி. அப்பா ஆபீஸ்ல மெட்ராஸ்காரன் ஒருத்தன் இருக்கான். அவன் அவங்கொம்மாகிட்ட போன்ல பேசற மாதிரி பேசு, போதும்."

மறுநாள் மாட்டுப் படம் வந்ததும் பட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பத்ரிநாத் ஏற்கவில்லை. "மௌனம் செல்லாது. தெரிஞ்சிண்டே சொல்லாம இருக்கலாம். தப்பாச் சொன்னாத்தான் கணக்கு."

"கௌ," என்றாள் பட்டு.

மாம்பழத்துக்கு "யெல்லோ திங்". காக்கைக்கு "பிளாக் பீஜன்". குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் படத்தைக் காட்டி, இது யார் என்று கேட்டபோது, பட்டு தலையைச் சாய்த்து, "ஐ டோன்ட் நோ திஸ் ஆன்ட்டி," என்றாள்.

பாலச்சந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னையையே அறியாத அவலம்!" என்று விசிறியிடம் விம்மினார். இதைவிட ஆழமாக எந்தக் குழந்தையும் மூழ்கியதில்லை என்று முடிவாகி, பட்டு அவசர சிகிச்சைப் பிரிவின் முதல் வரிசையில் சேர்க்கப்பட்டாள். வெளியே வந்ததும் அம்மாவின் காதில், "நாந்தான பர்ஸ்ட்டு?" என்றாள். தமிழரசி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜூன் மூன்றாம் தேதி முகாம் தொடங்கியது. மொத்தம் பதினொரு குழந்தைகள். வெகுகாலமாகப் புனேவில் இருக்கும் குடும்பங்களில், தமிழ் தடுமாறும் குழந்தைகள் நிறைய உண்டு. அவர்களில் ஒன்றுகூட வரவில்லை. அவர்களுக்கு அபாகஸ், கிரிக்கெட், ஸ்கேட்டிங் என்று ஆயிரம் ஜோலி. வந்த பதினொன்றும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதிதாக வந்திறங்கியவை. பதினொன்றுக்கும் அதே பள்ளியில் ஏதாவது ஒரு வகுப்பில் இடம் வேண்டும். பதினொன்றும் தமிழில் ஊரை விற்றுவிடக்கூடியவை. வகுப்பில் எல்லாம் ஒன்றுபோலக் கண்ணை உருட்டிக்கொண்டு, "வாட் ஈஸ் அம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தன.

சொற்கள் பத்ரிநாத்தின் மேற்பார்வையில் வழங்கப்பட்டன. ஒரு நாளைக்குப் பதினாலு, பத்து நாளைக்கு நூற்று நாற்பது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அட்டை. சொல்லைப் பெற்றுக்கொண்டதற்கு அதில் பெருவிரல் ரேகை. சொற்களைத் தேர்ந்தெடுத்தவர் பாலச்சந்திரன். அருவி, யாழ், அன்றில், கேண்மை, முரசு. தண்ணீர், பசி, வலி, போதும் போன்றவை பட்டியலில் இல்லை. அவற்றைத் தெருவில் எவரும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. சுண்டுவிரலைக் காட்டும் குழந்தையை, "சொல்லால் கேள், செல்வமே!" என்று அவர் தடுத்து நிறுத்துவார். வழங்கிய சரக்கில் அதற்குச் சொல் கிடையாது. குழந்தை "முரசு, முரசு" என்று பரிதவிக்கும்.

சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு சொல், ஐந்தாம் நாள் இரண்டு சொல் சேர்த்து, எட்டாம் நாள் ஒரு வாக்கியம் என்று தேற வேண்டும். நாலாம் நாளே வாக்கியம் பேசிவிட்ட சேலத்துப் பையனை, 'சந்தேகத்துக்குரிய முன்னேற்றம்' என்று எழுதி இரண்டு நாள் பின்னுக்குத் தள்ளினார்கள்.

தமிழரசியின் பாடு வெளியே நடையில் போட்டிருந்த நீள பெஞ்சில். பதினொரு அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு விண்ணப்பத்திலும் வீட்டில் பேசும் மொழி ஹிந்தி. ஐம்பது நாளாக ஒரு தமிழ்க் குரலுக்கு ஏங்கி, எதிர் ஃப்ளாட்டில் யாரோ தும்மினால்கூட அது நம் ஊர்த் தும்மலா என்று காதைக் கொடுத்தவள் அவள். இப்போது இரண்டு பக்கமும் தமிழ்ப் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒரு வார்த்தை பேச முடியாது. ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்தால் புளியோதரை வாசனை பெஞ்சு முழுக்கப் பரவும். எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டு, "அச்சா," என்பார்கள். ஆறாம் நாள் பக்கத்தில் இருந்தவளை ஒரு கட்டெறும்பு கடித்துவிட்டது. "ஐயோ!" என்று அலறிவிட்டாள். மற்ற பத்துப் பேரும் நாகரிகமாக வெவ்வேறு சுவர்களைப் பார்த்தார்கள்.

பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, இறுதித் தேர்வு. மூன்று நாள் கழித்துத் திங்கள். தேர்வுக்கு ஒரே ஒரு படம்: திருவிழாக் கடைத்தெரு. பெற்றுக்கொண்ட சொற்களை வைத்து அதைப் பற்றிப் பேச வேண்டும். மற்றவர்கள் "அங்கே முரசு. அருகே மழலை. கேண்மை நன்று," என்று பத்திரமாகப் பேசிப் பாஸாகிவிட்டார்கள். பட்டு பத்து நாளாக வாயைக் கட்டிவைத்திருந்தவள். படத்தில் ராட்டினத்தைப் பார்த்ததும் அணை உடைந்தது. ராட்டினத்தில் அப்பா வாந்தி எடுத்தது, பஞ்சுமிட்டாய்க்காரனிடம் அம்மா சண்டை பிடித்தது, தேர் வடத்தில் செருப்பு மாட்டிக்கொண்டது என்று கால் மணி நேரம் கொட்டினாள். பத்ரிநாத் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். பதிவேட்டில் கோடு போட இடம் தீர்ந்தது. பென்சிலை வைத்துவிட்டுக் கூட்டினார்.

"வழங்கியது நூத்தி நாப்பது. குழந்தைகிட்ட இருப்பு முந்நூத்திப் பன்னண்டு," என்றார். முகம் வெளிறியிருந்தது. "நூத்தி எழுபத்திரண்டு எக்ஸஸ். குறைஞ்சா தொலைஞ்சுபோச்சுன்னு எழுதலாம். கூடினா என்னன்னு எழுதறது? வெளிச் சரக்கு! தாயாரக் கூப்பிடுங்கோ."

தமிழரசி உள்ளே போனாள். வீட்டில் தமிழ் உண்டு என்று தெரிந்தால் விண்ணப்பம் பொய், சான்றிதழ் இல்லை, பள்ளி இல்லை. தமிழ் தெரியாது என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு வேறு மொழி வேண்டும். அவளிடம் இருந்த வேறு மொழி பிம்ப்ரி காய்கறிக்காரரிடம் சேர்த்த ஐந்து வார்த்தை: வேண்டாம், அரைக் கிலோ, அண்ணா, எவ்வளவு, கொத்தமல்லி. புனேவில் இத்தனை வருஷம் இருந்தும் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் ஊர்மொழி ஒரு சொல்லும் ஒட்டவில்லை; சந்தானம் மொழிபெயர்க்க நின்றார்.

"வீட்ல யார் தமிழ் பேசறா?" என்றார் பத்ரிநாத்.

"நக்கோ," என்றாள் தமிழரசி.

"யாரும் பேசறதில்லையாம் சார்," என்றார் சந்தானம்.

"புருஷன்?"

தமிழரசி தவித்தாள். "ஆதா கிலோ."

"ஹஸ்பண்டு பாதி நேரம்தான் வூட்ல இருக்காராம் சார். மீதி நேரம் டிராஃபிக்ல."

"அப்போ இந்த நூத்தி எழுபத்திரண்டும் குழந்தைக்கு யார் கொடுத்தா?"

"பய்யா, கித்னா?" என்றாள்.

"அவ்ளோ இருக்கான்னு அவங்களே கேக்கறாங்க சார்."

"நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லச் சொல்லு!"

இருப்பில் ஒன்றுதான் மிச்சம். கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையையும் கூப்பி, "கோத்தம்பீர்," என்றாள்.

"மனசு ஒடஞ்சி போய்ட்டாங்க சார்," என்றார் சந்தானம்.

பாலச்சந்திரன் எழுந்து நின்றார். "காண்மின்! நாவிருந்தும் நற்றமிழ் நவிலா நங்கை! இத்தகைய பாலை நிலத்தில் பிறந்த பிள்ளை, பாவம், என் செய்யும்? அன்னை ஊட்டாத அமுதை அயலார் ஊட்ட வேண்டியிருக்கிறதே!" என்று விசிறியை நோக்கிக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை.

தமிழரசி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். இதையும் அவள் தாங்கியிருப்பாள். பத்ரிநாத் தீர்ப்பை எழுதத் தொடங்கினார்.

"ப்ரீதி, ரிஜெக்டட். அடுத்த ஜூன்ல மறுபடி சேரலாம். ஆனா அதுக்குள்ள அந்த நூத்தி எழுபத்திரண்டு வார்த்தையும் அவ மறந்திருக்கணும். மறந்துட்டான்னு தாயார் எழுதிக் கொடுக்கணும்."

"மறக்கோணுமா?" என்றாள் தமிழரசி.

சந்தானம் கண்ணை மூடிக்கொண்டார்.

"எதுக்குங்க மறக்கோணும்? என்ற புள்ள பேசற பேச்சு உங்க கெடங்குல எண்ணிக் குடுத்த தோட்டாவா? ஒம்பதாம் மாசம் இடுப்புல உக்காந்துட்டு நெலாவப் பாத்துக் கை நீட்டி 'த்தா'ன்னா பாருங்க, அன்னைக்கு எந்த ரிஜிஸ்டருல கைநாட்டு வாங்குனீங்க? பத்து நாளா அருவி, யாழுன்னு சொல்லிக் குடுத்தீங்களே, ஒண்ணுக்குப் போகோணும்னு கேக்கறதுக்கு ஒரு வார்த்தை குடுத்தீங்களா? காலை இடுக்கீட்டு நிக்குதுக பச்சக் கொழந்தைக! யாழ வெச்சுட்டு என்னத்தக் கழுவறது? அம்பது நாளு இந்த ஊர்ல பேச்சுத் தொணைக்கு ஆளில்லாமக் கெடந்து, உங்க போர்டப் பாத்துட்டு ஒறம்பற சனத்து ஊட்டுக்கு வர்ற மாதிரி ஓடி வந்தனுங்க. பத்துப் பொம்பளைகளோட ஒரே பெஞ்சுல உக்கார வெச்சு வாயத் தெச்சுப் போட்டீங்க. எறும்பு கடிச்சாக்கூடக் கத்தறதுக்குப் பயந்துக்கறாளுக. இதுக்குப் பேரு தமிழ் வளக்கறதாமா! எங்கூர்ல எருமகிட்டப் பேசுனாக்கூட அது மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாங்க. நீங்க ஃபேனுகிட்டப் பேசிப் பேசி, அது வெறுத்துப் போய் நின்னே போச்சு, மேல பாருங்க!"

மூச்சு வாங்க நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று, பட்டுவின் ஒரு வருஷம் போயிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பாலச்சந்திரன் மேலே பார்த்தார். விசிறி உண்மையிலேயே நின்றிருந்தது. அவர் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. பல வருஷங்களில் முதல் முறையாக ஒரு மனித முகத்தில் வந்து நின்றது.

"பத்ரிநாத்," என்றார் கரகரத்த குரலில். "கேட்டீரா?"

"கேட்டேன், எண்ணினேன்," என்றார் பத்ரிநாத். பென்சில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "எம்பதுக்கு மேல வறது, திரும்பத் திரும்பச் சொன்னதக் கழிச்சிட்டு. அதுல 'அருவி', 'யாழ்' ரெண்டும் நம்ம சரக்கு. நம்ம முத்திரை இருக்கு."

"கோத்தம்பீர் என்று குமைந்தவர்! வகுப்பில் அமரவில்லை. வாயிலில் அமர்ந்தார். பத்தே நாள்!" பாலச்சந்திரன் கண்ணைத் துடைத்தார். "உள்ளே இருந்தோரை மீட்டோம் என்று எண்ணினோமே, பத்ரிநாத்! வெளியே பெஞ்சில் இருந்தவரும் மீண்டிருக்கிறார்!"

தமிழரசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயைத் திறந்தாள். சந்தானம் அவள் காலை லேசாக மிதித்தார்.

"சுவரு அரை செங்கல்தான் சார்," என்றார் அவர் பணிவாக. "உள்ள பேசறது வெளிய நல்லாவே போவுது."

பத்ரிநாத்தின் முகம் தெளிந்தது. எண்ணிக்கை நேராகும்போது மட்டும் அவருக்கு வரும் அமைதி அது. பதிவேட்டைத் திருப்பி எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார்: "கூடுதல் நூற்று எழுபத்திரண்டு. காரணம், சுவர் வழிக் கசிவு. தாயாரிடம் தேங்கி, வீட்டில் வைத்துக் குழந்தைக்குச் சேர்ந்தது. டேலி ஆயிடுத்து."

ப்ரீதியின் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் மேலே முனையை நிறுத்திக்கொண்டார்.

"ஒரே ஒரு ஃபார்மாலிட்டி. முகாமுக்கு முன்னாடி உங்களுக்குத் தமிழ்ல எத்தனை வார்த்தை தெரியும்?"

தமிழரசி பேனா முனையைப் பார்த்தாள். அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் நுனிநாக்குவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைகூடத் தெரியாதுங்க," என்றாள். "தமிழ்னா எப்பிடி இருக்கும்னே இங்க வந்துதானுங்க பாத்தேன்."

"சார், அவங்க இன்னா சொல்றாங்கன்னா," என்று சந்தானம் பழக்கதோஷத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

பாலச்சந்திரன் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். "வேண்டாம். நமக்கே புரிகிறது."

பத்ரிநாத் 'இல்லை' என்று எழுதி, கீழே கோடு போட்டு, கையெழுத்திட்டார்.